வீட்டுக்கூடத்தில் நாடாளுமன்றம்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் ஓர் ஆங்கிலேயக் கிராமத்து விடுதி அடிக்கடி வரும். கூரை மேல் பனி, உள்ளே கணப்பு, வாசலில் தொப்பையும் சிவந்த கன்னமுமாக விடுதிக்காரர், அவர் கையில் நுரை பொங்கும் குவளை. படம் வரைந்தவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கணப்பின் சாம்பலை விடிகாலையில் அள்ளிக் கொட்டிய பெண்மணியை மட்டும் வரைய மறந்துவிட்டார். கொல்லைப்புறக் கழிப்பறை, மூலையில் மரத்தூள் நிரப்பிய எச்சில் படிக்கம், அந்தப் படிக்கத்தைக் கழுவப் போகும் பத்து வயதுப் பையனின் முகம், இவற்றையும்தான். என்ன செய்வது, அட்டை விற்க வேண்டுமே.

விடுதிக் கதவுக்கு மேலே ஒரு சின்னப் பலகை இருக்கும். இன்னார், பீரும் சாராயமும் புகையிலையும் விற்க உரிமம் பெற்றவர் என்று அதில் எழுதியிருக்கும். இன்னார் எங்கே என்று தேடினால் கொல்லன் பட்டறையில் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருப்பார். இல்லாவிட்டால் வயலில் இருப்பார். அதுவும் இல்லையா, தச்சுப் பட்டறையில் யாருக்காவது சவப்பெட்டி செய்துகொண்டிருப்பார். 1900 வாக்கில் கிராமத்து விடுதியை மட்டும் நம்பி அடுப்பெரிப்பது கஷ்டம். பெரும்பாலோருக்குக் கைவசம் இன்னொரு தொழில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் மனிதர் கைகால் கழுவி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கணப்பருகே வந்து உட்காருவார். ஊர் அவரை விடுதிக்காரர் என்று அழைக்கும். காலையிலிருந்து கடையை நடத்தியவருக்கு ஊர் வைத்த பெயர், அவர் சம்சாரம்.

காலையிலிருந்து என்றால் எந்தக் காலையிலிருந்து? 1874ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தின் கிராமப்புற விடுதிகள் வாரநாட்களில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கலாம். பதினாறு மணி நேரம். விடியற்காலை ஆறு மணிக்கு எவன் பீர் குடிப்பான் என்று கேட்கலாம். அறுவடைக் காலத்தில் அரிவாளோடு வயலுக்குப் போகிறவன் குடிப்பான். இரவெல்லாம் மாட்டு வண்டி ஓட்டி வந்தவன் குடிப்பான். நேற்று ராத்திரி வீட்டுக்குப் போகாதவனும் குடிப்பான். வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிடலாம். 'மைல்ட்' என்ற மலிவு பீர் ஒரு பைன்ட் ஏறத்தாழ 2 பென்ஸ். அந்தக் காலத்தில் 240 பென்ஸ் ஒரு பவுண்டு. ஆக, கல்லாவில் ஒரு பவுண்டு விழ 120 பைன்ட் ஊற்றியாக வேண்டும். பீப்பாய் கிடப்பது நிலவறையில். சின்ன விடுதி பலவற்றில் பீரை மேலே ஏற்றித் தரும் பம்பெல்லாம் கிடையாது. ஜாடியை எடுத்துக்கொண்டு படியிறங்கி, குழாயைத் திருகி நிரப்பி, சிந்தாமல் படியேற வேண்டும். இவ்வளவும் செய்து சேர்த்த காசில் பெரும்பங்கு பீர் ஆலைக்குப் போய்விடும். நாட்டின் பெரும்பாலான விடுதிகள் அதற்குள் ஆலைகளின் கைக்குள் வந்திருந்தன. வாடகையும் அவர்களுக்கே, கொள்முதலும் அவர்களிடமே. பீர் புளித்துப்போய் வந்தால் வாடிக்கையாளர் திட்டுவது மட்டும் அம்மாளை.

வீட்டில் அறைகளுக்குக் குறைவில்லை. சேற்றுக் காலோடு வரும் கூலிக்காரர்களுக்குப் பொது அறை. பண்ணைக்காரருக்கும் ஏலக்காரருக்கும் பார்லர். போர்வைக்குள் குவளையை மறைத்துக்கொண்டு வரும் பாட்டிமார்களுக்கு மூலையில் ஒரு மறைவறை. குடும்பத்துக்கு என்று மிச்சமிருப்பது சமையலறை. அங்கேயும் யாராவது வந்து 'கொஞ்சம் பாலாடைக்கட்டியும் வெங்காய ஊறுகாயும் கிடைக்குமா அம்மா?' என்று எட்டிப் பார்ப்பார். (இந்த ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய்க்கு 'உழவன் மதிய உணவு' என்று பெயர் சூட்டி, தொன்றுதொட்டு வருவதுபோல் விற்றது 1950களுக்குப் பிந்தைய பாலாடைக்கட்டி வியாபாரிகளின் கைங்கரியம். 1900த்து உழவன் அதை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்றுதான் சொல்லியிருப்பான், பாவம்.)

மாடியில் படுக்கையறைகள். இங்கிலாந்தின் பழைய வழக்காற்றுச் சட்டம் ஒன்று உண்டு. விடுதி என்று பலகை மாட்டியவன், இடமிருக்கும்வரை, தகுந்த காரணமில்லாமல் பயணியைத் திருப்பி அனுப்பக் கூடாது. ராத்திரி ஒன்பதரைக்கு மழையில் நனைந்த ஒரு பயணி வந்து நின்றால் அம்மாள் என்ன செய்வாள்? மாடிக்குப் போய், தூங்கும் பிள்ளைகளை உருட்டிச் சமையலறைப் பெஞ்சுக்குத் தள்ளிவிட்டு, விரிப்பை உதறிப் போடுவாள். படுக்கை இன்னும் சூடாக இருக்கும். பயணி அதை விடுதியின் உபசாரம் என்று எண்ணி மகிழ்வார்.

ரயில் வந்த பிறகு கோச் வண்டிகள் ஒழிந்து, பெருவழிச் சாலை விடுதிகளின் லாயங்களில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. 1890களில் அந்தச் சாலையில் திடீரென்று சைக்கிள்கள் முளைத்தன. சைக்கிள் சுற்றுலா மன்றம் என்ற அமைப்பு தன் உறுப்பினர்களுக்காக விடுதிகளோடு ஒப்பந்தம் போட்டு, இறக்கை முளைத்த சக்கரத்தைச் சுவரில் சின்னமாக மாட்டியது. தேநீர், முட்டை, பன்றித் தொடைக்கறி என்று வியாபாரம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் ஹார்பர்டன் சீமாட்டி வந்து சேரும்வரை.

1898 அக்டோபரில், சரே மாவட்டத்து ஒக்கம் கிராமத்தில் இருந்த ஹோபாய் விடுதிக்கு அந்த அம்மையார் சைக்கிளில் வந்து இறங்கினார். வயது ஐம்பதைத் தாண்டியவர். பெண்களின் உடையைச் சீர்திருத்த 1881இல் ஒரு சங்கமே தொடங்கியவர்களில் முக்கியமானவர். பாவாடைக்குப் பதில் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய தொளதொளத்த கால்சட்டை போட்டிருந்தார். காபி அறையில் மதிய உணவு கேட்டார். விடுதிக்கார அம்மாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்தக் கோலத்தில் காபி அறைக்குள் விட முடியாது, வேண்டுமானால் பார் பக்கத்துப் பார்லரில் உட்காருங்கள், சாப்பாடு அங்கே வரும் என்றார். ஆண்கள் புகைக்கும் அறை அது. சீமாட்டி சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். சைக்கிள் மன்றம் வழக்குப் போட்டது. 1899 ஏப்ரலில் கிங்ஸ்டனில் விசாரணை. சாப்பாட்டையே மறுக்கவில்லை, அறையைத்தான் மாற்றினார் என்று கொண்டு ஜூரி விடுதிக்கார அம்மாளை விடுவித்துவிட்டது.

பெண்ணுரிமை வரலாற்றில் இது ஒரு பத்தாம்பசலிக் கடைக்காரிக்கும் புதுமைப் பெண்ணுக்கும் நடந்த மோதலாகப் பதிவாகியிருக்கிறது. சீமாட்டி பக்கம் நியாயம் இருந்ததை நான் மறுக்கவில்லை. கால்சட்டை ஜெயித்ததற்குச் சாட்சி சொல்ல உலகத்தில் பாதிப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் கடைக்காரியின் நிலையைப் பாருங்கள். சீமாட்டி சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். காபி அறையில் உட்கார்ந்திருக்கும் மற்ற விருந்தாளிகளுக்கும், போலீஸுக்கும், வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கும் மாஜிஸ்திரேட்டுகளுக்கும், பாதிரியார் மனைவிக்கும் பதில் சொல்ல வேண்டியவள் அங்கேயே நிற்க வேண்டும். புரட்சிக்கெல்லாம் ஒரு பிரபு பட்டமும் கொஞ்சம் நிலபுலனும் இருந்தால் சௌகரியம்.

அந்த லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். அது ஒரு வருடத்துக்குத்தான். ஆண்டுதோறும் மாஜிஸ்திரேட்டுகள் கூடி, உரிமம் நீடிக்கலாமா என்று பார்ப்பார்கள். 1904இல் பிரதமர் பால்ஃபரின் அரசு கொண்டுவந்த சட்டம், ஒரு வட்டாரத்துக்குத் தேவைக்கு மேல் விடுதி இருந்தால் நஷ்டஈடு கொடுத்து மூடலாம் என்றது. நஷ்டஈட்டுப் பணத்தை யார் கொடுப்பது? மூடப்படாமல் தப்பிய மற்ற விடுதிகள்தாம், ஒரு வரியாக. இனி நம் குடும்பத்தின் தர்மசங்கடம் ஆரம்பம். வியாபாரம் அமோகமாக நடந்தால் 'இது குடிகாரர் கூடாரம்' என்று ஆட்சேபம் வரும். மந்தமாக நடந்தால் 'இப்படி ஒரு கடை இந்த ஊருக்குத் தேவையா?' என்று கேள்வி வரும். ஊரார் நிறையக் குடிக்கவும் வேண்டும், குடித்த மாதிரித் தெரியவும் கூடாது. இதைச் சமாளிக்க ஒரு கணவன் போதாது. அதனால்தான் மனைவி இருந்தாள்.

1902ஆம் வருடச் சட்டம் இன்னொரு வேலை வைத்தது. குடிகாரர் என்று நீதிமன்றம் முத்திரை குத்தியவர்களுக்கு மூன்று வருடம் மது விற்கக் கூடாது. பர்மிங்ஹாம் போன்ற நகரங்களில் போலீஸார் அவர்களுடைய புகைப்படங்களை அச்சடித்துக் கடை கடையாக அனுப்பினார்கள். கிராமத்தில் எதற்குப் புகைப்படம்? அந்த ஆளின் தாத்தா எந்தப் பண்டிகைக்கு எந்தப் பள்ளத்தில் விழுந்தார் என்பதுவரை அம்மாளுக்கு மனப்பாடம். கான்ஸ்டபிள் விஷயம் இன்னும் சிக்கல். பணியில் இருக்கும் போலீஸ்காரரை விடுதியில் தங்கவிட்டு மது கொடுப்பதும் குற்றம். வாசல் வழியாக வந்தால் அவர் சட்டம். கொல்லை வழியாக வந்தால் விருந்தாளி. இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் கவனிக்கத் தெரிந்தவளே நல்ல விடுதிக்காரி.

பிள்ளைகள் கதை தனி. ஜாடியைக் கொடுத்துப் பிள்ளையை பீர் வாங்க அனுப்புவது அந்நாளைய வழக்கம். வழியில் பிள்ளை இரண்டு வாய் குடித்துப் பார்ப்பதும் வழக்கம். 1901இல் வந்த சட்டம், 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் தக்கை போட்டு முத்திரையிட்ட பாத்திரத்தில் மட்டுமே கொடுக்கலாம் என்றது. தக்கை மேல் பசைக் காகிதம் ஒட்டும் வேலை யாருக்கு வந்தது? விடுதிக்காரரின் பிள்ளைகளுக்கு. அப்புறம் 1908ஆம் வருடக் குழந்தைகள் சட்டம், 14 வயதுக்குக் கீழே யாரும் மது அறைக்குள்ளேயே நுழையக் கூடாது என்றது. 1909 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, அமலுக்கு வந்தது. விதிவிலக்குகளில் ஒன்று: விடுதிக்காரரின் சொந்தப் பிள்ளைகள். ஊரில் எல்லாக் குழந்தைகளையும் கெட்டுப்போகாமல் காப்பாற்றிய நாடாளுமன்றம், இதுகள் கெட்டால் கெடட்டும் என்று விட்டுவிட்டது.

அந்தப் பிள்ளைகளும் சும்மா இல்லை. 1847இல் லீட்ஸில் தொடங்கிய 'நம்பிக்கைக் குழு' என்ற மதுவிலக்கு இயக்கம் ஊர் ஊராகச் சிறுவர்களிடம் 'வாழ்நாளில் மதுவைத் தொடேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. தேநீரும் கேக்கும் உல்லாசப் பயணமும் உண்டு. கேக் என்றால் விடுதிக்காரர் பிள்ளைக்கு மட்டும் நாக்கு ஊறாதா? ஞாயிறு காலை மதுவைச் சபித்துப் பாடிவிட்டு, திங்கள் காலை படிக்கம் கழுவும் குழந்தைக்கு வாழ்க்கையின் முரண்பாடுகளைப் பற்றி எந்தத் தத்துவ ஆசிரியரும் தேவைப்படவில்லை.

இதற்கிடையே பிணம் வேறு வரும். ஆற்றில் விழுந்தவன், வண்டியில் அடிபட்டவன் என்று யார் சந்தேகமாகச் செத்தாலும் மரண விசாரணை நடத்த ஊரில் பெரிய அறை உள்ள கட்டடம் விடுதிதான். சடலம் கொல்லைக் கொட்டகையில். கூடத்தில் கரோனரும் ஜூரியும். ஜூரி போய்ச் சடலத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. பார்த்துவிட்டு வந்த பன்னிரண்டு பேருக்கும் உடனே பிராந்தி தேவைப்பட்டது என்பது விதியில் இல்லாவிட்டாலும் இயற்கை. வேறு பொருத்தமான இடம் ஏற்பாடாகியிருந்தால் மது விற்கும் இடத்தில் விசாரணை நடத்தக் கூடாது என்று 1907 மார்ச் இறுதியிலிருந்து தடை வந்தது. நாகரிகத்துக்கு நல்லது. கல்லாவுக்கு நஷ்டம்.

எனக்கு மிகவும் பிடித்த சட்டம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம். ஞாயிறன்று கிராமத்து விடுதிகள் மதியம் இரண்டு மணி நேரமும் மாலை ஆறிலிருந்து பத்து வரையும்தான் திறக்கலாம். வேல்ஸில் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஞாயிறு முழுக்கவே கதவடைப்பு. ஆனால் உண்மையான பயணிக்கு எப்போதும் கொடுக்கலாம். உண்மையான பயணி யார்? முந்தைய இரவு படுத்த இடத்திலிருந்து குறைந்தது மூன்று மைல் தள்ளி வந்தவன். இந்த வரியைச் சட்டப் புத்தகத்தில் எழுதியவர் குடிப்பவர்களின் கால் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. மேற்கே உள்ள ஊரின் ஆண்கள் கிழக்கு ஊர் நோக்கி நடக்கிறார்கள். கிழக்கு ஊரின் ஆண்கள் மேற்கு நோக்கி நடக்கிறார்கள். ஒன்றரை மைலில் சந்தித்து, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டு, மேலே நடக்கிறார்கள். சிலர் இந்தச் சிரமமும் இல்லாமல் சனிக்கிழமை ராத்திரியே பக்கத்து ஊர் அத்தை வீட்டில் படுத்துவிட்டு ஞாயிறன்று தன் சொந்த ஊருக்குப் 'பயணி'யாக வருவார்கள். விடுதிக்காரர் நியாயமான எச்சரிக்கையோடு விசாரித்து நம்பினார் என்றால் தண்டனை இல்லை. ஆகவே வாசலில் நின்று கேட்டாக வேண்டும்.

"நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள்?"

"அதை என் பெண்டாட்டியும்தான் கேட்டாள் அம்மா. அவளிடமே சொல்லவில்லை."

"அவளிடம் சொல்லாவிட்டால் அவள் சோறு போட மாட்டாள். என்னிடம் சொல்லாவிட்டால் பீர் கிடையாது. எது பெரிசு என்று யோசித்துக்கொண்டு நில்லுங்கள்."

இப்படி ஏதாவது நடக்காமல் எந்த ஞாயிறும் கழிந்திருக்காது என்பது என் ஊகம். இந்தப் பயணிச் சலுகை 1921 வரை உயிரோடு இருந்தது. ஆங்கிலேயர்களின் நடைப்பயிற்சிக் காதலுக்குக் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த்தைக் காரணம் காட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சமயத்தார் வெளியிலிருந்து திட்டியது போதாதென்று உள்ளேயும் வந்தார்கள். செஸ்டர் பிஷப் ஜெய்ன் முன்னின்று 1890களின் நடுவில் ஒரு சங்கம் தொடங்கி விடுதிகளை எடுத்து நடத்தினார். மேலாளருக்குச் சாப்பாட்டிலும் சோடாவிலும் கமிஷன். பீரில் ஒரு காசு கிடையாது. பீர் கேட்டு வந்தவனுக்கு அந்த மேலாளர் எவ்வளவு பாசத்தோடு சூப் சிபாரிசு செய்திருப்பார்!

1908இல், பிரதமராவதற்குச் சற்று முன் நிதியமைச்சராக இருந்த ஆஸ்க்வித் சுமார் 30,000 விடுதிகளை, அதாவது மூன்றில் ஒரு பங்கை, ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். 'தள்ளாடி' என்று செல்லப்பெயர் வாங்கும் அளவுக்குக் குடிக்கக்கூடிய பிரதமர் அவர். பார்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுக்கவும் அதில் வழி இருந்தது. விளைவு, ஏப்ரலில் நடந்த மான்செஸ்டர் இடைத்தேர்தலில் பெண்ணுரிமைக்காரர்கள் பார் பெண்களுக்காகக் களமிறங்கினார்கள். அவர்களில் ஒருவரான கான்ஸ்டன்ஸ் மார்கியவிச் நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியை ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்தார். ஆளும் கட்சி வேட்பாளர் 429 வாக்கில் தோற்றார். அவருக்கு எதிராக வேறு பல காரணங்களும் இருந்தன. பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். நவம்பரில் பிரபுக்கள் சபை மசோதாவைத் தூக்கி எறிந்தது. பிரபுக்களில் பீர் ஆலை அதிபர்கள் இருந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

பிறகு முதல் உலகப் போர். 1915 பிப்ரவரியில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எல்லாம் சேர்ந்து செய்வதைவிடக் குடி அதிக நாசம் செய்கிறது என்று பேசினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் போர் முடியும்வரை அரண்மனையில் மது இல்லை என்று அறிவித்தார். நாடே பின்தொடரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆஸ்க்வித்தே பின்தொடரவில்லை. போகப் போக பீரைத் தண்ணீராக்கினார்கள். அந்தத் தண்ணீரை 'லாயிட் ஜார்ஜின் பீர்' என்று கேலி செய்து எர்னி மெய்ன் என்ற மேடைப் பாடகர் பாடிப் பெயர் வாங்கினார்.

1915இல் ஊர் ஊராகப் பரவிய உத்தரவுதான் உச்சம். இன்னொருவருக்கு மது வாங்கிக் கொடுப்பது குற்றம். சாப்பாட்டோடு சேர்த்து வாங்கினால் மட்டும் விலக்கு. ஆளுக்கொரு சுற்று வாங்கிக் கொடுத்து வாழ்ந்த ஒரு சமூகத்தில், தன் முறை வரும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போகும் ஊர்க் கஞ்சன் முதல் முறையாகத் தேசபக்தன் ஆனான். 1916 மார்ச்சில் சவுத்தாம்ப்டன் நீதிமன்றத்தில் ஒருவருக்கு அபராதம். குற்றம்: மனைவிக்கு ஒரு கிளாஸ் ஒயின் வாங்கிக் கொடுத்தது. அவள்தான் ஆறு பென்ஸ் கொடுத்தாள் என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. குடித்ததற்காக மனைவிக்கும் ஒரு பவுண்டு. ஊற்றிக் கொடுத்த பார் பெண்ணுக்கு ஐந்து பவுண்டு. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமையாக இருந்ததற்கு மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்த வேறு நீதிமன்றம் இருந்தால் சொல்லுங்கள்.

கார்லைல் நகரையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் பொறுத்தவரை அரசாங்கம் இன்னும் ஒருபடி மேலே போனது. பக்கத்தில் கிரெட்னாவில் மாபெரும் வெடிமருந்து ஆலை. வேலையாட்கள் மாலையில் ரயிலேறி வந்து குடித்துத் தீர்த்தார்கள். 1916இல் அரசாங்கமே விடுதிகளை விலைக்கு வாங்கி நடத்தத் தொடங்கிவிட்டது. பழைய தபால் நிலையம் ஒன்று கிரெட்னா டாவர்ன் என்ற அரசு மதுக்கூடமாயிற்று. பரம்பரை விடுதிக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். மாதச் சம்பள மேலாளர்கள் வந்தார்கள். போர்க்கால ஏற்பாடு என்று சொல்லி ஆரம்பித்தது 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அரசே மது விற்றால் எப்படி இருக்கும், ஆரம்பித்ததை விட ஏன் மனம் வராது என்றெல்லாம் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

மற்ற ஊர்களுக்கு வந்தது நேரக் கட்டுப்பாடு. மதியம் 12 முதல் 2.30, மாலை 6.30 முதல் 9.30. பதினாறு மணி நேரம் ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கியது. படிப்படியாக ஏறத்தாழ நாடு முழுக்க. விடுதிக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். ஆலை அதிபர்கள் அலறினார்கள். குடியர்கள் லாயிட் ஜார்ஜின் குலத்தையே இழுத்தார்கள். விடுதிக்கார அம்மாளோ இரண்டரைக்குக் கதவைத் தாழிட்டுவிட்டு, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணம் ஆனதிலிருந்து முதல் முறையாகப் பட்டப்பகலில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். பீரங்கிக் குண்டு உற்பத்தியைப் பெருக்குவதற்காகப் போட்ட உத்தரவு அது. போர் முடிந்தும் எவரும் அதை எடுக்கவில்லை. 1921ஆம் வருடச் சட்டம் மதிய இடைவேளையை நிரந்தரமாக்கியது. அவளுக்கும் அவளுக்குப் பின் வந்த மூன்று தலைமுறை விடுதிக்காரிகளுக்கும் வாய்த்த அந்தப் பகல் தூக்கத்தை நாடாளுமன்றம் 1988இல்தான் கலைத்தது. அதுவும் வாரநாட்களில் மட்டும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை 1995 வரை விட்டுவைத்தது.